சதுக்கத்துக் கல்லில் உள்ள பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க பிரான்ஸ் சென்றபோது பர்கண்டியில் ஓர் உழவர் கிராமத்தில் ஆறு நாள் தங்கினோம். பகலிலும் சன்னல்கள் சாத்தியே கிடந்தன, தெருவில் ஆளில்லை, யாரும் வலிய வந்து பேசவில்லை. சதுக்கத்துப் போர்வீரன் சிலையடியில் அமர்ந்து மதிய உணவு உண்டோம். இவர்கள் இயல்பிலேயே ஒட்டாதவர்களா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

அங்கே முதலில் 'போன்ழூர்' (வணக்கம்) சொல்ல வேண்டியவர் வந்தவர்தான். சன்னலைச் சாத்துவது வெயிலுக்காக. இவற்றை விட்டுவிடுவோம்.

அந்தச் சிலையடியில் உண்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் வெட்டியிருந்த பெயர்களில் ஒன்றைக்கூட வாசிக்காமல் எழுந்து வந்தீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆளில்லை என்கிறீர்கள், ஆட்கள் அந்தக் கல்லில் இருக்கிறார்கள். 1914 ஆகஸ்ட் 1 அன்று பிற்பகலில், முதல் உலகப் போருக்கு ஆள் திரட்டும் அறிவிப்பாக ஊர்தோறும் தேவாலய மணி விடாமல் அடித்தபோது வயல்களில் அறுவடைக் காலம். அரிவாளை வைத்துவிட்டு ஆண்கள் புறப்பட்டார்கள். உழவுக் குதிரைகளையும் ராணுவம் கொண்டுபோயிற்று. மிஞ்சிய அறுவடையைப் பெண்களும் பிள்ளைகளும் முடிக்க வேண்டுமென்று பிரதமர் விவியானி வேண்டுகோள் விடுத்தார். போர் முடிந்தபோது பிரான்ஸ் இழந்திருந்த வீரர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர், அவர்களில் ஏராளமானோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். அதன்பின் சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இந்தக் கல் எழுந்தது. கிராமங்கள் காலியானதற்கு நகரத்து வேலையும் டிராக்டரும் காரணம் என்பார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கை நான் இந்தக் கல்லிலிருந்தே தொடங்குவேன்.

ஓவேர்ஞ் மலைப்பகுதியில் ஒரு சிற்றூரில், அந்தப் போர் ஓய்ந்த நாளை நினைவுகூரும் நவம்பர் 11 அன்று நான் நின்றிருக்கிறேன். மேயர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் 'பிரான்சுக்காக உயிர்நீத்தார்' என்று மறுமொழி சொன்னார்கள். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வந்தது. கூட்டம் கலைந்தபின் ஒரு முதியவர் அந்த மூன்றாவது பெயரின் எழுத்துகளில் படிந்திருந்த பாசியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பிறகு தேவாலயத்துக்குப் பின்னால் மாடு மேய்ந்த சரிவைக் காட்டி, அது கோதுமை போன்ற ரை தானியம் விளைந்த நிலம், அண்ணன் தம்பி மூவரும் போனபின் உழ ஆளில்லாமல் புல்லுக்கு விட்டது என்றார். என்னிடம் அவர் வலிய வந்து பேசியது அவ்வளவுதான்.

மகளிடம் மறுபடி போவீர்கள் அல்லவா? அந்தச் சதுக்கத்துக்குப் போய்ப் பெயர்களை எண்ணுங்கள், பிறகு அந்தத் தெருவில் எத்தனை வீடுகள் என்பதையும் எண்ணி எனக்கு எழுதுங்கள்.