சம்பளமும் படிப்பும் தெரிந்தால் போதுமா?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்த என் மகள் அண்மையில் ஓர் ஆர்வத் தேர்வு எழுதினாள். மருத்துவ ஆய்வக நுட்பநர் பணி அவளுக்குப் பொருந்தும் என்று முடிவு வந்தது. படிப்புக் காலம், கட்டணம், சம்பளம் எல்லாவற்றையும் இணையத்தில் சேகரித்துவிட்டோம். இருந்தும் அவள் தயங்குகிறாள். இன்னும் என்ன தகவல் வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மகளின் தயக்கத்தை நான் குறையாகக் கருதவில்லை. ஆர்வத் தேர்வு அவரைப் பற்றிச் சொல்லுமே தவிர, அந்த வேலையைப் பற்றிச் சொல்லாது. 1908இல் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டலுக்கென ஓர் அலுவலகத்தைத் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ், தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்தி ஆராய்தல் ஆகிய மூன்றும் வேண்டும் என்றார். இவற்றுள் இரண்டாவதைத்தான் நாம் பெரும்பாலும் சம்பளத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

அந்த வேலையில் ஒரு சாதாரண நாள் எப்படிக் கழிகிறது என்பதையே முதலில் அறிய வேண்டும். ஆய்வகத்தில் நோயாளிகளின் மாதிரிகளைப் பரிசோதிக்கும் முன், அளவு ஏற்கெனவே தெரிந்த திரவத்தை வைத்துக் கருவி சரியாக அளக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இரத்தக் குழாயில் ஒட்டியுள்ள பெயரும் எண்ணும் படிவத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். உறையக் கூடாத இரத்தம் உறைந்து வந்திருந்தால், வார்டிலிருந்து எவ்வளவு அவசரப்படுத்தினாலும், புதிய இரத்த மாதிரியை அனுப்புங்கள் என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். பல மருத்துவமனைகளில் இரவுப் பணியும் உண்டு. உயிரியலில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒருவருக்கு, ஒரே செயலை நூறாவது முறையும் அதே கவனத்தோடு செய்வது பிடிக்குமா என்பதை எந்தத் தேர்வும் சொல்லிவிட முடியாது.

ஆகவே அந்தப் பணியில் இருப்பவர்கள் இருவரையாவது உங்கள் மகள் நேரில் சந்திக்கட்டும். ஒருவர் புதிதாகச் சேர்ந்தவராகவும் மற்றவர் நீண்ட அனுபவம் உள்ளவராகவும் இருந்தால், முதல் வேலை கிடைப்பதில் உள்ள சிரமமும், தானியங்கிக் கருவிகள் வந்தபின் வேலை மாறிய விதமும் சேர்ந்தே தெரியவரும். "வேலை பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக ஒரு பதில் கிடைக்கும், "நேற்று காலை முதல் என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் வேலையே கண்முன் வரும். அனுமதி கிடைத்தால் ஒரு நாள் உடனிருந்து பார்ப்பது இன்னும் நல்லது.

நீங்கள் சேகரித்தவற்றில், ஒவ்வொரு தகவலும் எந்த ஆண்டுக்குரியது, அதை யார் வெளியிட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாணவர்களைச் சேர்ப்பதற்காக வெளியிடப்படும் விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். சராசரிச் சம்பளத்தில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களின் ஊதியமும் அடங்கியிருக்கும் என்பதால், தொடக்கச் சம்பளத்தைத் தனியே விசாரியுங்கள்.

இந்தச் சந்திப்புகளுக்கு நீங்களும் உடன் செல்லலாம். ஆனால் கேள்விகளை உங்கள் மகளே கேட்கட்டும்.