பிட்கேர்ன் தீவில் இலவச நிலம்: இருக்கும் வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 54, மனைவிக்கு 51. விருப்ப ஓய்வு பெற்றுவிட்டேன். மகள் வேலைக்குப் போகிறாள். சொந்தமாக ஒரு ஃபிளாட் இருக்கிறது. விலை சுமார் 70 லட்சம், கடன் இல்லை. வங்கி டெபாசிட்டில் 60 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 35 லட்சம், பிபிஎஃப்பில் 18 லட்சம். தென் பசிபிக்கில் உள்ள பிட்கேர்ன் தீவில் குடியேற வருபவர்களுக்கு நிலம் இலவசம், வருமான வரியும் கிடையாது என்று அறிந்தோம். ஃபிளாட்டை விற்று அங்கே வீடு கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று இருவரும் ஆசைப்படுகிறோம். இது சரியான முடிவா?

பதில்: போகலாம். ஆனால் ஃபிளாட்டை விற்காதீர்கள். இதையும், கீழே சொல்லும் மருத்துவக் காப்பீட்டையும் உறுதி செய்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் திருத்திக்கொள்ளக் கூடியவை.

நீங்கள் கேள்விப்பட்டதில் பொய் இல்லை. பிட்கேர்ன் பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட தீவு. 1790-ல் 'பவுன்டி' கப்பலில் கலகம் செய்த மாலுமிகளும் அவர்களோடு வந்த தாஹிட்டி மக்களும் குடியேறிய இடம். 1937-ல் 233 பேர் இருந்தார்கள். இன்று ஆடம்ஸ்டவுன் என்ற அந்த ஒரே ஊரில் 50 பேர்கூட இல்லை. ஆள் வேண்டும் என்பதால்தான், விண்ணப்பித்து அனுமதி பெற்றுக் குடியேறுபவர்களுக்கு வீட்டு மனை ஒதுக்குகிறார்கள். இதைப் பெரிய விஷயமாகவே நான் பார்க்கிறேன். அட்லாண்டிக்கில் உள்ள டிரிஸ்டன் ட குன்யாவும் பிரிட்டனுடையதுதான். அங்கே நிலமெல்லாம் ஊர்ப்பொது, வெளியார் என்ன விலை கொடுத்தாலும் ஒரு சென்ட் வாங்க முடியாது.

ஆனால் ஒதுக்கீட்டு மனையை நம் ஊர் பட்டா நிலமாக நினைத்துவிடக் கூடாது. அது அங்கே வாழ்பவருக்காகத் தரப்படுவது. அடமானம் வைக்க அங்கே வங்கியே கிடையாது. விற்கலாம் என்றாலும் யாரிடம் விற்பீர்கள்? மக்கள்தொகை எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுருங்கிக்கொண்டே வரும் ஊரில் காலி வீடுகளுக்குத்தான் பஞ்சமில்லை. அதனால் அங்கே வீட்டுக்குப் போடும் ஒவ்வொரு டாலரையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள், சொத்துக் கணக்கில் வேண்டாம். 70 லட்ச ரூபாய் ஃபிளாட்டை விற்று அங்கே கட்டினால், கட்டி முடித்த அன்று கையில் ஒரு நல்ல வீடு இருக்கும். பணமாக மாற்றக் கூடியது எதுவும் இருக்காது.

கட்டுவதும் எளிதல்ல. மரம், சிமென்ட், கூரைத் தகடு, மழைநீர்த் தொட்டி எல்லாம் நியூசிலாந்திலிருந்து 5,000 கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடந்து வர வேண்டும். சரக்குக் கப்பல் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். கப்பல் கரையை ஒட்டி நிற்கத் துறைமுகம் கிடையாது. கடலில் நிற்கும் கப்பலிலிருந்து நீண்ட படகில் சாமான்களை இறக்கி, பவுன்டி விரிகுடாவின் சின்ன இறங்குதுறைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து செங்குத்தான மேட்டுப் பாதையில் ஊருக்கு ஏற்ற வேண்டும். அலை மோசமாக இருந்தால் படகு காத்திருக்கும். கதவுக் கீல் ஒரு ஜோடி ஆர்டரில் விடுபட்டுப்போனால் அந்தக் கதவு அடுத்த கப்பல் வரும்வரை சுவரில் சாய்த்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். ஆகவே முதல் ஒரு வருடமாவது வாடகைக்கோ விருந்தினராகவோ இருந்து பாருங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வழிச் செலவைப் பற்றித்தான். தீவில் விமான நிலையம் இல்லை. தாஹிட்டி போய், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் மங்கரேவா போய், பிறகு 500 கிலோமீட்டருக்கும் மேல் கப்பல் பயணம். சுமார் ஒன்றரை நாள் ஆகும். தீவு நிர்வாகத்துக்காக ஓடும் 'சில்வர் சப்போர்ட்டர்' கப்பலில் பயணிகளுக்கு இடம் மிகக் குறைவு. ஒரு ஆளுக்குக் கப்பல் கட்டணமே ஆயிரக்கணக்கான நியூசிலாந்து டாலர். தாஹிட்டி, மங்கரேவா இரண்டும் பிரெஞ்சு பாலினேசியாவில் இருக்கின்றன. அது ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) வராது, அதனால் கையில் சாதாரண ஷெங்கன் விசா இருந்தால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். தனி அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போகும் வழியில் மாறும் நாடுகளின் விசா வேறு.

மகளுக்குத் திருமணம், வீட்டில் பெரியவர்களுக்கு உடம்பு சரியில்லை, உங்களுக்கே நெஞ்சுவலி... எதுவானாலும் இந்தப் பாதையில்தான் வர வேண்டும். தீவில் ஒரு மருத்துவர் ஒப்பந்தத்தில் இருப்பார்; அறுவை சிகிச்சை என்றால் கடல் தாண்டித்தான். நம் ஊரில் எடுத்த சாதாரண மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. அவசரமாகத் தீவிலிருந்து வெளியேற்றும் செலவையும் ஏற்கும் பாலிசி கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். 54 வயதில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் பிரீமியம் கணிசமாக ஏறும். அந்தப் பாலிசி கிடைக்கவில்லை என்றால், மன்னிக்கவும், இந்தத் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

இனி உங்கள் பணத்தைப் பிரிப்போம். டெபாசிட்டில் 25 லட்சத்தைத் திரும்பி வருவதற்கும் மருத்துவத்துக்கும் என்று தனியாக ஒதுக்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். மீதி 35 லட்சம் தீவுக்கு. ஒரு நியூசிலாந்து டாலர் 50 ரூபாய் என்று வைத்தால் 70,000 டாலர். அங்கே சம்பளம் தரும் வேலை மிகக் குறைவு, பெரும்பாலும் அரசின் பகுதிநேர வேலைதான். தேன், மரச் செதுக்கு, அவ்வப்போது வரும் சொகுசுக் கப்பல் பயணிகளிடம் விற்பனை, இவைதான் மற்ற வழிகள். வருமானம் வரும் என்று கணக்குப் போடாமல் இந்தத் தொகை எத்தனை வருடம் தாங்கும் என்று பாருங்கள். மியூச்சுவல் ஃபண்டு அப்படியே வளரட்டும், 65 வயதுக்கு மேல் தேவைப்படும். பிபிஎஃப்பை முதிர்வு வரை தொடரலாம். வெளிநாட்டுவாசி (என்ஆர்ஐ) ஆனபின் நீட்டிக்க முடியாது.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுமதி. உங்களுக்கு அது தாராளம். ஆனால் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அது வரியில் கழியும், அல்லது திரும்பக் கிடைக்கும். ஆனாலும் பல மாதம் முடங்கும். இரண்டு நிதியாண்டுகளில் பிரித்து அனுப்பினால் இந்தச் சிரமம் குறையும்.

வரி இல்லாத தீவு என்பதால் இங்கும் வரி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிளாட்டை வாடகைக்கு விட்டால் அந்த வாடகைக்கும், டெபாசிட் வட்டிக்கும் இந்தியாவில் வரி உண்டு. நீங்கள் வெளிநாட்டுவாசி ஆனதும் வாடகைதாரர் டிடிஎஸ் (அரசுக்குக் கட்ட வேண்டிய வரி) பிடித்துவிட்டுத்தான் வாடகை தர வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தீவிலும் வருமான வரிக்குப் பதிலாக 15 முதல் 65 வயது வரை உள்ளவர்கள் ஊர்ப் பொதுப்பணியில் உழைக்க வேண்டும். சாலை, படகு, இறங்குதுறை என்று உடல் நோகும் வேலை. உங்கள் இருவருக்கும் பத்து வருடத்துக்கு மேல் அந்தக் கடமை இருக்கிறது.

புறப்படும் முன் சேமிப்புக் கணக்குகளை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டுவாசிகளின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) மாற்றி, மகளுக்குக் கணக்கை இயக்கும் அதிகாரத்தை எழுத்துமூலம் கொடுங்கள். இங்குள்ள சிம் அங்கே வேலை செய்யும் என்று நம்ப முடியாது. ஓடிபி வராமல் சொந்தப் பணத்தையே எடுக்க முடியாத நிலை வரலாம். மின்னஞ்சலிலும் ஓடிபி வரும்படி வங்கியில் இப்போதே பதிவு செய்யுங்கள்.

தீவு நிர்வாகத்துக்கு எழுதும் முதல் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கட்டும். ஊரைவிட்டு எத்தனை காலம் வெளியே இருந்தால் மனை திரும்பப் போகும்? நாங்கள் கட்டிய வீட்டுக்கு அப்போது ஈடு உண்டா? எங்களில் ஒருவர் இறந்துவிட்டால் மற்றவருக்குத் தொடர்ந்து தங்கும் உரிமை உண்டா? மூன்றாவது கேள்வியை உங்கள் மனைவியை முன்வைத்துத்தான் எழுதுகிறேன். அவருடைய பெயரிலும் தனியாக விண்ணப்பம் போடுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.