தேக்கா சந்தையும் மதியச் சாப்பாடும்: பில் எங்கே ஏறுகிறது?

கேள்வி: திருச்சியிலிருந்து ஆச்சியோடு சிங்கப்பூர் போகிறோம். தேக்கா சந்தையைப் பார்த்துவிட்டு அங்கேயே மதியம் சாப்பிட எண்ணம். ஆச்சி சைவம். எதைக் கவனிக்க வேண்டும்?
– காரைக்குடி வாசகர்

பதில்: சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மீன், காய்கறிக் கடைகளை மதியத்துக்குள் ஏறக்கட்டத் தொடங்கிவிடுவார்கள்; திங்கட்கிழமை பல கடைகள் திறப்பதில்லை. போட்டிருக்கும் விலை கிலோவுக்கா, 100 கிராமுக்கா என்று பார்த்த பிறகே எடை போடச் சொல்லுங்கள்.

அதே கட்டடத்து உணவங்காடியில் (சிறு சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்த இடம்) பலகையில் உள்ள விலைதான் பில். பார்சலென்றால் டப்பாவுக்குச் சில காசு கூடும். வெளியே ஏசி உணவகத்தில் கணக்கே வேறு. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10% சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9% ஜிஎஸ்டி. 20 வெள்ளிச் (சிங்கப்பூர் டாலர்) சாப்பாடு முதலில் 22 ஆகி, வரியோடு 23.98-இல் வந்து நிற்கும். சில சீன உணவகங்களில் கேட்காமலே கடலையும் ஈரத்தாளும் வைப்பார்கள். அதற்கும் காசுதான், வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுங்கள்.

கார்டு இயந்திரம் ரூபாயா, வெள்ளியா என்று கேட்டால் வெள்ளியைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அங்கேயே ஒரு விகிதம் போட்டு மாற்றுவார்கள், பெரும்பாலும் நமக்கு நட்டம். உணவங்காடிக்கு 2, 5, 10 வெள்ளி நோட்டுகள் போதும்.

மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் போட்டிருக்கிறார்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே அடுக்கில் வைக்க வேண்டும். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு. வைக்காமல் போனால் முதல் முறை எழுத்து எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி அபராதம்.

ஆச்சிக்குத் தென்னிந்தியச் சைவக் கடையே பத்திரம். மற்ற கடைகளில் வெறும் கீரை என்று வாங்கினாலும் சிப்பிச் சாறு ஊற்றியிருக்கலாம். சம்பலில் பெலாச்சான் எனும் இறால் விழுது இருக்கும். ‘கறி இல்லை’ என்பார்கள். பொய்யில்லை, விழுதை அவர்கள் கறிக்கணக்கில் சேர்ப்பதில்லை. வெறும் ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பாலும் சர்க்கரையும் வரும். இரண்டும் வேண்டாமென்றால் ‘கோப்பி ஓ கோசோங்’.

கேள்வி: அங்குள்ள உறவினருக்கு வீட்டில் அரைத்த குருமாப் பொடி கொண்டுபோகலாமா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: கசகசா சேர்த்திருந்தால் கூடாது. அதில் மார்பின் எனும் போதைப்பொருளின் தடம் இருக்கக்கூடும் என்பதால் சிங்கப்பூரில் அது தடைப் பொருள். நம் பக்கத்துக் குருமாவுக்குக் கசகசா இல்லாமல் மனசு வராதுதான்; முந்திரியை அங்கே அரைத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். திரும்பும்போது செடி, விதை வாங்கிப் பெட்டியில் போடாதீர்கள். தாவர நலச் சான்று இல்லாவிட்டால் நம் விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள்.