மனச்சோர்வுக்கு மாத்திரை பலன் தரவில்லை, டிஎம்எஸ் என்ற காந்தத் துடிப்புச் சிகிச்சை எடுக்கச் சொல்கிறார்கள். அது ஷாக் வைப்பதா? தருமபுரியிலிருந்து தினமும் போய்வர முடியுமா?

ஷாக் இல்லை. ஷாக் எனப்படும் ஈசிடியில் மயக்க மருந்து கொடுத்து, வேண்டுமென்றே வலிப்பை வரவழைப்பார்கள். டிஎம்எஸ்ஸில் மயக்கமே கிடையாது. நாற்காலியில் உட்காரவைத்து, எட்டு வடிவக் கம்பிச்சுருளை (காயில்) இடது முன்தலையை ஒட்டிப் பிடிப்பார்கள். அதன் காந்தத் துடிப்பு மண்டையோட்டைத் தாண்டி, மூளையின் மேற்பரப்பில் சின்ன மின்னோட்டத்தைத் தூண்டும்.

முதல் நாள் அளவெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. காயிலை நகர்த்தி நகர்த்தி, வலது கட்டைவிரல் துடிக்கும் இடத்தைத் தேடுவார்கள். பத்துக் காந்தத் தட்டில் ஐந்துக்காவது விரல் துடிக்கிற மிகக் குறைந்த வலிமை உங்களுடைய அடிப்படை அளவு; சிகிச்சை பெரும்பாலும் அதில் 120 சதவீதம். சிகிச்சைக்குக் காயிலை விரல் துடித்த இடத்திலிருந்து 5 செ.மீ. முன்னால் வைப்பது பழைய வழக்கம். எல்லார் தலையும் ஒரே அளவில்லை என்பதால் பலருக்கு இடம் தப்பிவிடும். டேப்பால் தலையை அளந்து எஃப்3 என்ற இடது முன்தலைப் புள்ளியைக் குறிப்பது அதைவிட நல்லது. எப்படி இடம் குறிக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

வழக்கமான 10 ஹெர்ட்ஸ் (விநாடிக்குப் பத்துத் துடிப்பு) முறையில் 4 விநாடி துடிப்பு, 26 விநாடி ஓய்வு என்று 37 நிமிடத்துக்கு மேல், மொத்தம் 3,000 துடிப்பு. துடிப்புகளைக் கொத்துக் கொத்தாகத் தரும் தீட்டா பர்ஸ்ட் முறையில் 600 துடிப்பு, மூன்றே நிமிடம். பலனில் இது குறைந்ததல்ல என்று 2018-இல் கனடாவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. எதுவானாலும் வாரம் ஐந்து நாள், நான்கிலிருந்து ஆறு வாரம்.

ஓசூர்க்காரர்கள் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போய்வரலாம், அது ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. தருமபுரி, அரூர்க்காரர்களுக்குத் தினப் பயணம் வேண்டாம் என்பேன். சேலம் போனாலும் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி நின்றுவிட்டால் அன்றைய சிட்டிங் போச்சு. அதைவிடப் பெரிய காரணம் தூக்கம். இந்தச் சிகிச்சையில் வலிப்பு வருவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. தூக்கம் கெட்டால் அந்த ஆபத்து கூடும். விடியற்காலை பஸ்ஸுக்காக மூன்று மணிக்கு எழுந்து வருகிறவர் அதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். முந்தைய இரவு மது குடித்திருந்தாலும், மாத்திரை மாறியிருந்தாலும் அப்படியே. மாத்திரை மாறினால் கட்டைவிரல் அளவைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் தங்க ஒரு சொந்தக்காரர் வீடோ வாடகை அறையோ பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

தோடு, ஹேர்பின் கழற்றவேண்டும். பல் அடைத்திருந்தால் பரவாயில்லை. காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவியோ மூளை ரத்தக்குழாயில் காந்தம் ஈர்க்கும் உலோகக் கிளிப்போ இருந்தால் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். காயில் டக்டக்கென்று பலமாகத் தட்டும், காதடைப்பான் கட்டாயம். முதல் வாரத் தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும்.

இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்று பாதியில் விடாதீர்கள்; பலருக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவேண்டாம்.

சாப்பாட்டையே விட்டவர், காதில் குரல் கேட்பவர், சாகவேண்டும் என்று சொல்பவர் இதற்காகக் காத்திருக்கக்கூடாது. அவர்களுக்கு ஈசிடிதான் வேகமாகப் பலன் தரும். உடனே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரி என்றாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் பேசலாம்.