டேங்கில் போட்ட ரிட்டர்ன் லைன், டிக்கியில் பிடித்த தீ

கேள்வி: அப்பா வாங்கிய 1978 மாடல் அம்பாசிடர் மார்க் 3 காரை அம்பாசமுத்திரத்தில் வைத்துப் பராமரித்து வருகிறேன். கோடையில் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி தாண்டுவதற்குள் பெட்ரோல் சூடேறி வண்டி நின்றுவிடும். நெல்லையில் அப்பா காலத்திலிருந்து பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சி, "ரிட்டர்ன் லைன் போட்டா சரியாயிடும்" என்று டேங்கில் ஓட்டை போட்டு, உபரி பெட்ரோல் திரும்பி வரும் குழாயை வெல்டிங்கில் பற்றவைத்து, ரப்பர் ஹோஸ் மாட்டிக் கொடுத்தார். பணம் ஜிபேயில் அனுப்பினேன், பில் இல்லை. இரண்டே வாரத்தில் டிக்கியில் பெட்ரோல் வாடை. மறுநாள் ஓட்டிப் போகும்போது தீப்பிடித்து டிக்கித் தளமும் ஒயரிங்கும் கருகிவிட்டன. பக்கத்து டீக்கடைக்காரர்கள் மணலை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். யாருக்கும் காயமில்லை. "எல்லாம் எத்தனால் பெட்ரோல் பண்ணுன வேலை. டேங்கைக் கொண்டா, சும்மாவே அடைச்சுத் தாரேன்" என்கிறார் அண்ணாச்சி. இன்சூரன்ஸ் கம்பெனியோ 'அனுமதியில்லாத மாற்றம்' என்று கிளெய்மை மறுத்துவிட்டது. ஆர்.சி. புதுப்பிக்கும் தேதியும் நெருங்குகிறது. அண்ணாச்சி மேல் வழக்குப் போடவும் மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: டேங்கை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வழக்கில் மிக முக்கியமான சாட்சி அந்த டேங்க்தான். பற்றவைத்த இடத்தில் கீறல் இருக்கிறதா, ஹோஸ் வெடித்திருக்கிறதா, கிளிப் நழுவியிருக்கிறதா என்பதை அது ஒன்றுதான் சொல்லும். மறுபடியும் நெருப்புக் காட்டிவிட்டால் அதெல்லாம் அழிந்துபோகும். பெட்ரோல் தீர்ந்த டேங்கில் ஆவி நிறைந்திருக்கும், முறையாகக் கழுவாமல் அதைப் பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து என்பது வேறு விஷயம்.

டேங்கையும் ஹோஸையும் கிளிப்போடு அப்படியே கழற்றி, காற்றோட்டமான இடத்தில், வீட்டு அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். கழற்றும் முன் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். ஹோஸ் மேல் அச்சடித்த எழுத்து இருந்தால் கிட்டத்தில் எடுங்கள். அது பெட்ரோலுக்கான ஹோஸா, தண்ணீருக்கானதா என்பதில்தான் பாதி வழக்கு நிற்கும்.

இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லும் 'அனுமதியில்லாத மாற்றம்' விஷயத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 எல்லா மாற்றத்தையும் தடுக்கவில்லை. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி.யில் உள்ள விவரம் ஆகிவிடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 'மாற்றம்' என்றால் வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகத்தான் படித்தது. மீறினால் பிரிவு 182ஏ(4)-ன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் உங்கள் வண்டியில் எஞ்சின் எண், சேஸ் எண், சிசி, எரிபொருள் வகை, இருக்கை எதுவும் மாறவில்லை. பம்பு தள்ளும் உபரி பெட்ரோல் எஞ்சின் சூட்டில் தேங்கி ஆவியாகாமல் டேங்குக்கே திரும்பிப் போக ஒரு குழாய், அவ்வளவுதான். கார்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800-ல் கம்பெனியே இப்படி ஒரு குழாய் கொடுத்திருந்தது. ஆகவே என் பார்வையில் இது பிரிவு 52-க்குள் வராது. எஞ்சினையே மாற்றியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

எத்தனால் வாதமும் அண்ணாச்சியைக் காப்பாற்றாது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும் என்பது உண்மை. ஆனால் இன்றைக்கு பங்கில் அதுதான் கிடைக்கிறது. இன்று பெட்ரோல் லைன் போடுகிறவர் அதைத் தாங்கும் ஹோஸைத்தான் போட வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டது சேவைக் குறைபாடு.

அண்ணாச்சி, இன்சூரன்ஸ் கம்பெனி இருவர் மேலும் ஒரே புகாராக, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடுங்கள் என்பேன். இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரின் சென்னை அலுவலகத்துக்கும் போகலாம், செலவில்லை. ஆனால் அங்கே மெக்கானிக்கைச் சேர்க்க முடியாது, அதே கோரிக்கையோடு இரண்டு இடத்திலும் நிற்கவும் முடியாது. ஆணையத்தில் இருவரும் எதிர்தரப்பாக நின்றால் ஒருவர் வாதம் மற்றவர் வாதத்தை வெட்டும். 'லைன் போட்டதால்தான் தீ' என்று கம்பெனி சொன்னால் அது மெக்கானிக்குக்கு எதிரான வாதம். 'என் வேலையில் பழுதில்லை' என்று மெக்கானிக் சொன்னால் அது கம்பெனிக்கு எதிரானது. மெக்கானிக் கவனக்குறைவாக இருந்தார் என்பதற்காக உங்கள் பாலிசி செத்துவிடாது. கம்பெனி உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் பாருங்கள்: பாலிசியில் சொந்தச் சேதத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா, மதிப்பு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று. பழைய வண்டிக்கு அந்த மதிப்பு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகைதான். அதற்கு மேல் கம்பெனியிடம் கிடைக்காது.

தீப்பிடித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த கூலி ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பில் இல்லையே என்று கலங்க வேண்டாம். ஜிபே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, டீக்கடைக்காரரின் சாட்சி போதும். மின்னணுப் பதிவுகளுக்கு பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்), 2023, பிரிவு 63-ன்படி சான்று இணைக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் தயாரிப்பார். டேங்கைப் பார்த்துக் கருத்துச் சொல்ல நிபுணரை நியமிக்கும்படி ஆணையத்திடம் கேளுங்கள். நெல்லை அரசு பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறையை முன்மொழியலாம்.

உங்கள் தரப்பில் ஒரு பலவீனம் உண்டு. வாடை வந்த பிறகும் ஏன் ஓட்டினீர்கள் என்று கேட்பார்கள். அன்றைக்கே அண்ணாச்சிக்கு போன் செய்து, அவர் "ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்றாரா? அப்படியானால் அழைப்புப் பதிவை எடுத்து வையுங்கள். இல்லையென்றால் இழப்பீட்டில் ஒரு பகுதி குறையலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

ஆர்.சி. தேதி தவறினாலும் பயப்படாமல், வேறு டேங்க் வாங்கி மாட்டி, ஒயரிங்கைச் சரிசெய்த பிறகே வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோங்கள். அதுவரை ரோட்டில் இறக்க வேண்டாம். மறுபடி ரிட்டர்ன் லைன் வேண்டுமென்றால் டேங்கைத் துளைக்காமல், பெட்ரோல் மீட்டரின் மிதவை உட்காரும் தட்டில் குழாய் எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் தட்டை மாற்றினால் டேங்க் பழையபடி ஆகிவிடும். 2028-ல் உங்கள் வண்டிக்கு 50 வயது முடிந்ததும் 'விஏ' எழுத்தோடு விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு அசல் நிலை முக்கியம்.

அண்ணாச்சி விஷயம். நோட்டீஸ் அனுப்புமுன் ஒரு தடவை நேரில் போய்ப் பேசுங்கள். அவர் டேங்க் விலை, டிக்கி வேலை, ஒயரிங் செலவைத் தர முன்வந்தால் வாங்கிக்கொள்ளலாம், வழக்கே வேண்டாம். ஆனால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 'இனி யார்மீதும் கோரிக்கை இல்லை' என்ற வரி அதில் நுழைந்துவிடாமல் பாருங்கள். நுழைந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அந்தத் தாளைத்தான் முதலில் தூக்கிக் காட்டும்.