இரண்டு பிராசஸர் போட்டால் பாதி நேரமா?

கேள்வி: நூல் மொத்த வியாபாரம் செய்கிறோம். புது சர்வருக்கு இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்றில் 32 கோர் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) கொண்ட பிராசஸர் ஒன்று. மற்றதில் அதே பிராசஸர் இரண்டு. 'ஸ்பெக் ரேட்' மதிப்பெண் இரண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் மாதக் கடைசி ஸ்டாக் ரிப்போர்ட்டும் பாதி நேரத்தில் வந்துவிடும் என்கிறார் சப்ளையர். நம்பலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மதிப்பெண்ணை நம்பலாம். 'அதனால்' என்று சப்ளையர் சொன்னாரே, அதை நம்ப வேண்டாம்.

ஸ்பெக் என்ற அமைப்பு பிராசஸர் வேகத்தை அளக்க வைத்திருக்கும் சோதனைத் தொகுப்பு ஸ்பெக் சிபியு 2017. அதில் ரேட், ஸ்பீட் என்று இரண்டு வகை உண்டு. ரேட் சோதனையில் ஒரே புரோகிராமின் பல பிரதிகளை ஒரே நேரத்தில் ஓடவிடுவார்கள். ஒரு பிரதி இன்னொன்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டாவது பிராசஸர் தனக்கான மெமரியோடு வருவதால் மதிப்பெண் இரட்டிப்பாவதில் அதிசயமே இல்லை. ஒரே வேலை எத்தனை சீக்கிரம் முடிகிறது என்று பார்ப்பது ஸ்பீட். அதன் இன்டிஜர் (முழு எண் கணக்கு) மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மெஷினும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும்.

உங்கள் ரிப்போர்ட் ஒரே வேலை. ரேஷன் கடையில் எத்தனை பேர் அரிசி அளந்தாலும் கைரேகைக் கருவி ஒன்றுதான் என்றால் வரிசை அதன் வேகத்தில்தானே நகரும்? இதற்கு 1967-லேயே ஜீன் ஆம்டால் என்ற கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் கணக்குப் போட்டுவிட்டார். வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்கவே முடியாது என்று வையுங்கள். ஒரு கோரோடு ஒப்பிட்டால் 32 கோரில் வேகம் சுமார் 7.8 மடங்கு, 64 கோரில் சுமார் 8.8. கோர் இரட்டிப்பு, லாபம் எட்டில் ஒரு பங்கு! அதுவும் முழுதாகக் கிடைக்காது. ஒரு பிராசஸர் மற்றதன் மெமரியில் இருக்கும் டேட்டாவைத் தொட்டால் தாமதம் கூடும். டேட்டாபேஸில் ஒரு வேலை பூட்டி வைத்த பதிவுக்காக மற்ற வேலை காத்திருக்க வேண்டும்.

மதிப்பெண் தாளில் 'பேஸ்', 'பீக்' என்று இருக்கும். பீக்கில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் கம்பைலரை (புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருளை) தனித்தனியாகச் செதுக்கிக்கொள்ளலாம். பேஸில் அப்படிச் செய்யக் கூடாது. நான் பேஸை மட்டும்தான் பார்ப்பேன். அதிலும் கண் வேண்டும்: இன்டெல் கம்பைலரின் சில பதிப்புகள் ஒரு சோதனைப் புரோகிராமை முன்கூட்டியே அறிந்து வேகப்படுத்தியதாகச் சொல்லி, 2024-இல் ஸ்பெக் அமைப்பே ஏராளமான முடிவுகளில் எச்சரிக்கைக் குறிப்புப் போட்டது.

செலவையும் கணக்குப் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வர் போன்ற டேட்டாபேஸ்களைக் கோர் கணக்கில் வாங்கினால், 64 கோருக்கு லைசென்ஸ் தொகையும் இரட்டிப்பாகும். பல சமயம் மெஷின் விலையை விட இதுதான் கடிக்கும்.

அடுத்த மாதக் கடைசியில் ரிப்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் நூறில் நின்று மற்றவை சும்மா இருந்தால், கோர் குறைவாக, கிளாக் வேகம் அதிகமாக உள்ள பிராசஸர் கேளுங்கள். எல்லாமே சும்மா இருந்தால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். எல்லாம் நிரம்பி வழிந்தால் மட்டுமே இரண்டாவது கொட்டேஷனைக் கையில் எடுங்கள். அப்போதும் உங்கள் பேக்கப்பை சப்ளையரின் டெமோ மெஷினில் ஏற்றி, இதே ரிப்போர்ட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வேறு சப்ளையரிடம் மூன்றாவது கொட்டேஷன் வாங்குங்கள்.