28,000 ரூபாய் மெத்தையும் விடியற்காலை அடிபம்பும்

கேள்வி: எனக்கு வயது 46. தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய சரக்கு நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. 7 மாதங்களாகக் காலையில் எழும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. 20 நிமிடம் நடமாடினால் விட்டுவிடுகிறது. காலுக்கு வலி இறங்கவில்லை. திருமணத்தின்போது அம்மா கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையில்தான் 18 ஆண்டுகளாகப் படுக்கிறோம். 28,000 ரூபாய்க்கு 'ஆர்த்தோ' மெத்தை ஒன்றைத் தவணையில் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். மாமியாரோ தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொல்கிறார். கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். அவர் இரவு 2 மணிக்கு வரும்போது எழுந்து சாப்பாடு எடுத்து வைத்தால், அதன் பிறகு தூக்கம் சரியாக வருவதில்லை. 5 மணிக்குத் தண்ணீர் அடிக்க எழுந்தாக வேண்டும். நான் எதை வாங்குவது, டாக்டர்?

பதில்: 28,000 ரூபாய் இப்போதைக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும். மெத்தையைப் பற்றி நீங்கள் விரிவாக எழுதியிருந்தாலும், கடைசியில் போகிறபோக்கில் குறிப்பிட்ட இரண்டு செய்திகள்தான் என் கண்ணில் முதலில் பட்டன: 2 மணிக்குக் கலையும் தூக்கம், 5 மணிக்கு அடிக்கும் தண்ணீர். மெத்தைக்கும் இந்த வலியில் பங்கு இருக்கலாம். ஆனால் அதை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டால், தவணை முடியும்போதும் வலி இருக்கும்.

'ஆர்த்தோ' என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். அது கடைக்காரர்கள் மெத்தைக்கு வைத்திருக்கும் விற்பனைப் பெயரே தவிர, மருத்துவர்கள் சோதித்துக் கொடுத்த சான்று அல்ல. அந்தப் பெயரில் விற்பவற்றில் பல, பலகை போல் கெட்டியாக இருப்பவை. முதுகுவலிக்காரர்கள் கெட்டியான படுக்கையில்தான் படுக்க வேண்டும் என்று மருத்துவர்களாகிய நாங்களே நெடுங்காலம் சொல்லி வந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 313 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கெட்டியான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டியுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாட்கள் கவனித்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று, 2003-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. படுத்திருக்கும்போதும் எழும்போதும் வலி அதிகம் குறைந்தது நடுத்தர மெத்தைக்காரர்களுக்குத்தான். ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் சற்று உள்ளே அமுங்க இடம் கொடுத்தால்தான் முதுகெலும்பு நேராக நிற்கும். பலகையில் அந்த இடம் கிடைப்பதில்லை, தொட்டில் போல் குழிந்த மெத்தையிலோ உடம்பே வளைந்துவிடுகிறது. மாமியார் சொன்ன பாய் படுக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் படுத்து வளர்ந்த முதுகுகள் நம் பக்கத்தில் ஏராளம். ஆனால் 46 வயதில் புதிதாக வெறும் பாய்க்கு மாறினால் இடுப்பு எலும்பும் தோளும் உறுத்தி, இருக்கிற தூக்கமும் போய்விடக்கூடும். தரையிலிருந்து எழுவதும் பிடித்த இடுப்புக்குச் சுலபமல்ல.

உங்கள் இலவம்பஞ்சு மெத்தையை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். விரிப்பை எடுத்துவிட்டு, ஒட்டடைக் கம்பையோ வேறு நேரான கழியையோ மெத்தையின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரத்துக்கு வைத்துப் பாருங்கள். கம்புக்கும் மெத்தைக்கும் நடுவில் உங்கள் நான்கு விரல்களும் அடுக்கியபடி நுழையுமானால், இடுப்பு இரவெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கிறது என்று பொருள். பிறகு மெத்தையைத் தூக்கிவிட்டுக் கட்டிலையும் இதே போல் பாருங்கள். பல வீடுகளில் பழி மெத்தையின் மேல் விழுந்தாலும், தளர்ந்திருப்பது கட்டிலின் பலகையாகவோ இரும்புப் பட்டையாகவோ இருக்கும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் இலவம்பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். மெத்தை தைப்பவரிடம் கொடுத்துப் பஞ்சைப் பிரித்து அடித்து, குறைந்ததற்குப் புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்து வாங்கினால், அது இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். செலவும் புது மெத்தையின் விலைக்கு அருகில் வராது. அதுவரை, பாயின் மேல் இரண்டு கனமான ஜமுக்காளங்களை மடித்து விரித்து ஒரு வாரம் படுத்துப் பார்க்கலாம். அந்த வாரத்தில் காலைப் பிடிப்பு தெளிவாகக் குறைந்தால் மெத்தையின் மேல் குற்றம் உண்டு, குறையாவிட்டால் இல்லை.

இனி அடிபம்புக்கு வருகிறேன். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் பகலில் உடல் எடையால் நீரை இழந்து, இரவில் படுத்திருக்கும்போது அந்த நீரை மறுபடி உறிஞ்சிக்கொள்கின்றன. இதனால்தான் நாம் எல்லோரும் காலையில் 1 செ.மீ. அளவாவது உயரமாக இருக்கிறோம். நீர் நிறைந்து விம்மியிருக்கும் வட்டு, முன்பக்கம் குனியும்போது மாலையில் தாங்குவதைவிட மிக அதிகமான அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. நீங்களோ படுக்கையை விட்டு எழுந்த சில நிமிடங்களில் வாசலுக்குப் போய், பம்பின் கைப்பிடியை இடுப்பை மடக்கி மடக்கி அடித்து, 15 கிலோவுக்கு மேல் கனக்கும் குடத்தைக் குனிந்து தூக்கி, ஒரே பக்க இடுப்பில் வைத்து உள்ளே கொண்டுபோகிறீர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் என்னிடம் வரும் பெண்களிடம் வலி எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு முன், குடத்தை எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. காலையில் எழுந்த முதல் 2 மணி நேரம் குனியாமல் இருக்கப் பழகியவர்களுக்கு வலியுள்ள நாட்கள் குறைந்ததாக 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. தண்ணீர் உங்கள் வசதிக்கு வராது என்பது எனக்குத் தெரியும். ஆயினும், அந்த 2 மணி நேரத்தில் அடிப்பதையும் தூக்குவதையும் வீட்டில் உள்ள வேறொருவர் ஏற்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், குடத்தைப் பாதி மட்டும் நிரப்பி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுந்து தூக்குங்கள்; ஒரு காலை முன்வைத்து நின்று, உடம்பின் எடையைக் கைப்பிடியில் இறக்கி அடியுங்கள். படுக்கையிலிருந்து எழும்போதும் நேராக நிமிராமல், பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. வலி இருந்தால் தூக்கம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டால் வலி கூடும் என்பது அதைவிட வலுவான உண்மை. உறக்கம் குறைந்த மறுநாள் மூளை வலியை அடக்கிவைக்கும் திறன் குறைந்து, நேற்றுத் தாங்கிய அதே வலி இன்று தாங்க முடியாததாகிறது. பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது உறக்கம் வேண்டும். உங்களுக்கு 5 மணி நேரம், அதுவும் இரண்டு துண்டாகக் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். சோற்றையும் குழம்பையும் மூடி மேசையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்டத் தெரிந்தவருக்குச் சோறு போட்டுக்கொள்ளவும் தெரியும். ஒருக்களித்துப் படுப்பவரானால் முழங்கால்களுக்கு நடுவிலும், மல்லாந்து படுப்பவரானால் முழங்கால்களுக்கு அடியிலும் ஒரு தலையணை வையுங்கள்.

இப்போதைக்கு எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படாது என்றே நீங்கள் எழுதியதிலிருந்து தோன்றுகிறது. ஆனால் சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, காலில் பலம் குறைவது ஆகியவற்றில் ஒன்று ஏற்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்டான்லி உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். அதற்கான சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். மருந்துக் கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கி நாள்கணக்கில் போடாதீர்கள். இரைப்பையும் சிறுநீரகமும் கெடும்.

4 வாரம் இப்படிச் செய்தும் குறையாவிட்டால் ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். மெத்தை வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், கடையில் கையால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யாமல், வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே 10 நிமிடம் படுத்துப் பாருங்கள். உங்கள் கணவரின் எடையும் அதே மெத்தையில்தான் இறங்கப்போகிறது. அவரையும் படுக்கச் சொல்லி, உங்கள் பக்கம் சரிகிறதா என்று பாருங்கள்.